ஊனுணவும் உடலின் சமநிலையும்: அறிஞர் கிளாட் பெர்னார்டின் வாழ்வு

ஊன் உண்பவரின் குருதி அமிலமாகத் திரிந்துவிடும் என்றும், மரக்கறி உண்பவரின் குருதியோ காரத்தன்மையுடன் தூய்மையாக விளங்கும் என்றும் ஒரு கருத்து நம் சிராவகர் இல்லங்களில் பல்லாண்டுகளாக வழங்கி வருகின்றது. புலால் மறுத்தலை வலியுறுத்தும் துண்டு வெளியீடுகளிலும், நோன்புக் காலச் சொற்பொழிவுகளிலும் நாம் இதனைக் கண்டும் கேட்டும் இருக்கின்றோம். இந்நாளில் மேலைநாடுகளில் சிலர் சமைக்காத பச்சை இறைச்சியையே உணவாகக் கொள்வதை ஒரு நெறியாக்கிப் பரப்பி வருவதால், நம் வீட்டுப் பிள்ளைகளும் இது பற்றி வினவத் தொடங்கியுள்ளனர். கொல்லாமை நம் முதல் விரதம். வாய்மையும் நம் விரதங்களுள் ஒன்றேயாகும். ஆகவே நமக்கு இனிக்கும் செய்தி என்பதற்காக மட்டும் ஒன்றை ஏற்றுக்கொள்ளல் தகாது. இவ்வினாவுக்கு விடையின் முதற்பகுதியைக் கண்டவர் பிரெஞ்சு நாட்டு உடலியல் அறிஞர் கிளாட் பெர்னார்ட். அவர்தம் வாழ்வை நம் வாசகர்க்கு எடுத்துரைப்பதில் நமக்குத் தயக்கமும் உண்டு. அவர் கண்ட உண்மைகள் பல, ஐயறிவு உயிர்களை உயிருடன் அறுத்துக் கண்டவை. அத்தயக்கத்தையும் மறைக்காமலேயே தொடர்கின்றோம்.

முதலில் அமிலம், காரம் என்னும் சொற்களைத் தெளிவுபடுத்திக் கொள்வோம். மஞ்சள் கரைத்த நீரில் சிறிது சுண்ணாம்பைச் சேர்த்தால் அது செக்கச் சிவந்து ஆரத்தி நீராகின்றது. அதிலேயே எலுமிச்சைச் சாற்றைப் போதிய அளவு பிழிந்தால் மீண்டும் மஞ்சளாகின்றது. சுண்ணாம்பு காரம், எலுமிச்சை அமிலம், மஞ்சள் இவ்விரண்டையும் காட்டிக் கொடுக்கும் பொருள். பள்ளி ஆய்வறையில் லிட்மஸ் தாள் இல்லாத நாள்களில் இதனைக் கொண்டே பாடம் நடத்தியதுண்டு. பெர்னார்டின் காலத்தில் லிட்மஸ் இருந்தது. பி.எச். என்னும் அளவுகோல் 1909ஆம் ஆண்டில்தான் டென்மார்க்கின் சோரன்சன் என்பவரால் வகுக்கப்பட்டது. அவ்வளவுகோலில் 7 என்பது நடுநிலை; அதற்குக் கீழ் அமிலம், மேல் காரம்.

கிளாட் பெர்னார்ட் 1813ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 12ஆம் நாள், பிரான்சில் லியோன் நகருக்கு வடக்கே, போழோலே பகுதியைச் சார்ந்த செயின் ழுலியேன் என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தையார் திராட்சை பயிரிடும் எளிய குடியானவர். பாதிரிமார் நடத்திய பள்ளியில் தொடக்கக் கல்வி பெற்ற பெர்னார்ட், மேற்படிப்பை முடிக்க இயலாமல் லியோன் நகரையடுத்த வேஸ் என்னுமிடத்தில் மருந்துக் கடையொன்றில் பயிற்சியாளராகச் சேர்ந்தார். அங்கே எல்லா நோய்க்கும் உரியதென நம்பப்பட்ட தெரியாக் என்னும் மருந்து பெரிதும் விலையாகி வந்தது. கடையில் மிஞ்சிய, கெட்டுப்போன மருந்துகளெல்லாம் அக்கலவைப் பாத்திரத்திலேயே போய்ச் சேர்வதைக் கண்ட இளைஞருக்கு, அக்கால மருத்துவத்தின்மீது ஐயம் பிறந்தது. பின்னாளில் எதனையும் செய்து பாராமல் ஏற்காத அவருடைய இயல்புக்கு இக்கடையே முதல் பள்ளி எனலாம்.

அந்நாள்களில் அவருடைய உள்ளம் மருத்துவத்தில் இல்லை, நாடகத்தில் இருந்தது. ஒரு சிறு இன்பியல் நாடகம் எழுதி லியோனில் சிறிது புகழும் பெற்றார். பின்னர் ஐந்து அங்கங்களில் ஒரு துன்பியல் நாடகத்தையும் எழுதி, அதனைக் கைப்பையில் வைத்துக்கொண்டு 1834இல் பாரிஸ் சென்றார். சொர்போன் பல்கலைக்கழகப் பேராசிரியரும் திறனாய்வாளருமான சான் மார்க் ழிரார்தன் அதனைப் படித்துப் பார்த்து, மருந்துக் கடையில் பயின்றவர் மருத்துவம் கற்பதே வாழ்வுக்கு நல்லது, எழுத்தை ஓய்வு நேரத்தில் வைத்துக்கொள்ளலாம் என அறிவுரை கூறினார். ஒரு திறனாய்வாளரின் சொல்லால் மருத்துவ உலகின் போக்கே மாறிய நிகழ்ச்சி இதுவாகும்.

மருத்துவ மாணவராக அவர் சிறந்து விளங்கினார் என்று கூறுவதற்கில்லை. ஆயினும் அவருடைய கைத்திறனைக் கண்டுகொண்டார் பிரான்சுவா மஜாந்தி. இவர் அந்நாளில் பிரான்சின் தலைசிறந்த உடலியல் ஆய்வாளர். விலங்குகளை அறுத்து ஆராய்வதில் கடுமைக்கும் பெயர் பெற்றவர். 1841இல் காலேழ் த பிரான்ஸ் என்னும் உயர்கல்வி நிறுவனத்தில் மஜாந்தியின் உதவியாளராகப் பெர்னார்ட் அமர்ந்தார். 1843இல் இரைப்பைச் சாறு பற்றிய ஆய்வேட்டுக்காக மருத்துவப் பட்டம் பெற்றார். அடுத்த ஆண்டில் ஆசிரியப் பதவிக்கான தேர்வில் தோல்வியுற்று, ஊருக்கே திரும்பி வைத்தியம் பார்க்கலாம் என்னும் நிலைக்கு வந்தார். 1845இல் பிரான்சுவாஸ் மார்த்தன் என்னும் மங்கையை மணந்தார். உறவினரும் நண்பரும் பேசி முடித்த திருமணம் அது. மணமகள் கொண்டுவந்த சீர்ப்பணமே அவருடைய ஆய்வு தொடர்ந்து நடக்க உதவியது. அந்த ஆய்வையே அவ்வம்மையார் வாழ்நாளெல்லாம் வெறுக்க நேர்ந்தது விதியின் விளையாட்டுப் போலும். நம் நெறியில் நின்று கூறின், வினையின் பயன்.

இனி நம் வினாவுக்கு வருவோம். 1846ஆம் ஆண்டில் ஒருநாள், சந்தையிலிருந்து வாங்கிவந்த முயல்கள் சில ஆய்வுக்கூட மேசைமீது விடப்பட்டன. அவை மேசையிலேயே சிறுநீர் கழித்தன. வேறொருவர் துடைத்துவிட்டுத் தம் வேலையைப் பார்த்திருப்பார். பெர்னார்ட் உற்று நோக்கினார். சிறுநீர் தெளிவாக இருந்தது. சோதித்தபோது அமிலமாகவும் இருந்தது. முயலின் சிறுநீர் வழக்கமாகச் சுண்ணாம்புச் சத்து மிகுந்து கலங்கலாகவும் காரமாகவும் இருக்கும். புல் தின்னும் விலங்குகளுக்கெல்லாம் ஏறத்தாழ அதுவே இயல்பு. தெளிந்த அமிலச் சிறுநீரோ நாய், பூனை போன்ற ஊனுண்ணிகளுக்கு உரியது. அப்படியாயின் புல் தின்னும் முயலுக்கு ஊனுண்ணியின் சிறுநீர் வந்தது எவ்வாறு?

அவர் எண்ணிப் பார்த்தார். சந்தையில் கிடந்த முயல்களுக்கு யாரும் நெடுநேரம் இரை கொடுத்திருக்க மாட்டார்கள். வெளியிலிருந்து உணவு வாராதபோது உடல் தன் தசையையும் கொழுப்பையுமே கரைத்து உண்கின்றது. ஆகவே பட்டினி கிடக்கும் முயல், தன் ஊனையே தின்னும் ஊனுண்ணியாகிவிட்டது என்று அவர் கருதினார். கருதியதோடு நில்லாமல் செய்தும் பார்த்தார். முயல்களுக்குப் புல் கொடுத்தார். சிறுநீர் கலங்கிக் காரமாயிற்று. ஒருநாளும் அரைநாளும் பட்டினி போட்டார், தெளிந்து அமிலமாயிற்று. மீண்டும் புல், மீண்டும் பட்டினி எனப் பலமுறை மாற்றிப் பார்த்தும் முடிவு மாறவில்லை. குதிரையிடமும் அவ்வாறே கண்டார். அப்பாலும் ஓர் ஐயம் எஞ்சியது: பட்டினியின் வேறு ஏதேனும் விளைவாக இருக்குமோ? அதனைத் தீர்க்க, அவித்து ஆறவைத்த மாட்டிறைச்சியை முயல்களுக்குக் கொடுத்தார். வேறு இரை இல்லாதபோது அவை அதனையும் உண்டன. உண்டவரையில் அவற்றின் சிறுநீர் தெளிவாகவும் அமிலமாகவுமே இருந்தது.

நம் வினாவின் முதற்பாதிக்கு இங்கே விடை கிடைத்துவிடுகின்றது. ஊனுணவு சிறுநீரை அமிலமாக்குகின்றது, இதில் ஐயமில்லை. அதன் காரணம் பெர்னார்டுக்குப் பின் வந்தோரால் விளக்கமாக அறியப்பட்டது. இறைச்சியின் புரதத்தில் கந்தகம் கலந்த கூறுகள் மிகுதி. அவை உடலில் எரிந்து கந்தக அமிலத்தைத் தருகின்றன. காய், கனி, கீரை வகைகளிலோ பொட்டாசியத்தோடு சேர்ந்த கரிம உப்புகள் உள்ளன. அவை எரிந்து பைகார்பனேட் என்னும் காரப்பொருளைத் தருகின்றன. எலுமிச்சையும் திராட்சையும் நாவுக்குப் புளிப்பாயினும் உடலினுள் காரமாக முடிவது இதனால்தான். இறைச்சி பச்சையாயினும் சமைத்ததாயினும் இதில் வேறுபாடு பெரிதாக இல்லை. நெருப்பினால் கந்தகம் மறைந்துவிடுவதில்லை. பச்சை இறைச்சியால் வரும் கேடு வேறு வகையானது. சால்மோனெல்லா போன்ற கிருமிகளும் நாடாப்புழு முதலியவையும் சமைக்காத ஊன்வழியே உடலிற் புகுகின்றன.

பெர்னார்ட் இறைச்சி உண்ட அம்முயல்களை அத்துடன் விட்டுவிடவில்லை, அறுத்தும் பார்த்தார். கொழுப்பு செரித்த பால்நிற நிணநீர்க் குழல்கள் இரைப்பையின் வாயிலிலிருந்து ஏறத்தாழ 30 சென்டிமீட்டர் தள்ளியே தொடங்குவதைக் கண்டார். முயலின் கணையக் குழல் குடலில் வந்து திறப்பதும் அவ்விடத்திலேதான். கொழுப்பைச் செரிப்பிப்பது கணையச் சாறு என்னும் பெருங் கண்டுபிடிப்பு இவ்வாறு கிடைத்தது. பின் தொடர்ந்தவை பல. கல்லீரல் தானே சர்க்கரையை உண்டாக்கிக் குருதிக்குத் தருகின்றது என்பதை 1848இல் கண்டார். கிளைக்கோஜன் என்னும் அச்சேமிப்புப் பொருளை 1857இல் தனியே பிரித்தெடுத்தார். குருதிக் குழல்களைச் சுருக்கி விரிக்கும் நரம்புகள், நிலக்கரிப் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடு உயிரைப் போக்கும் விதம் ஆகியவற்றையும் ஆராய்ந்தார். 1854இல் அறிவியல் கழக உறுப்பினரானார். சொர்போனில் அவருக்கெனவே புதிய பேராசிரியப் பதவி அமைக்கப்பட்டது. மறு ஆண்டில் மஜாந்தி மறைய, அவருடைய இடமும் இவருக்கே வந்தது.

1860களில் உடல்நலம் குன்றி அடிக்கடி செயின் ழுலியேன் சென்று தங்கினார். ஆண்டுதோறும் திராட்சை அறுவடைக் காலத்தில் அங்கிருப்பது அவருக்குப் பெருவிருப்பம். அவ்வாறு தங்கியிருந்த நாள்களில் எழுதப்பெற்றதே 1865இல் வெளிவந்த, பரிசோதனை மருத்துவத்துக்கான முன்னுரை என்னும் அவருடைய புகழ்பெற்ற நூல். முயல்களின் கதை அந்நூலிலேயே விரிவாக உள்ளது. நாடகம் எழுதிய கை அதிலே தெரிகின்றது.

அவருடைய கருத்துகளுள் தலையாயது எது என்று நம்மைக் கேட்பின், அகச் சூழல் பற்றிய கருத்தையே கூறுவோம். உயிர்கள் புறத்தே காற்றிலும் நீரிலும் வாழ்வதுபோல் தோன்றினும், உடலின் நுண்ணிய உறுப்புகள் உண்மையில் வாழ்வது உடலினுள் ஓடும் குருதி முதலிய நீர்மங்களிலேயாகும். புறவுலகு எவ்வளவு மாறினும் அந்த அகச் சூழல் மாறாதிருத்தலே உயர்ந்த உயிர்களின் விடுதலையான வாழ்வுக்கு அடிப்படை என்பது அவர் கண்ட முடிவு. இதனை வளர்த்தெடுத்த அமெரிக்க அறிஞர் வால்டர் கேனன், 1926இல் ஹோமியோஸ்டாசிஸ் என்னும் பெயரை அதற்குச் சூட்டினார்.

நம் வினாவின் மறுபாதிக்கு இவ்வகச் சூழலே விடை. நலமுள்ள மனிதரின் குருதி பி.எச். 7.35 முதல் 7.45 வரையுள்ள குறுகிய எல்லைக்குள் நிற்கின்றது. சிறுநீரோ ஏறத்தாழ 4.5 முதல் 8 வரை மாறக்கூடியது. ஊனுணவால் வந்த அமிலத்தைக் குருதியிலுள்ள பைகார்பனேட் உடனே தணிக்கின்றது. மூச்சின்வழி கரியமில வாயு வெளியேறுகின்றது. எஞ்சியதைச் சிறுநீரகம் அம்மோனியாவோடு சேர்த்து வெளியே தள்ளுகின்றது. சிறுநீர் மாறுவதனால்தான் குருதி மாறாதிருக்கின்றது. வீட்டில் சேரும் குப்பை தெருத்தொட்டியில் காணப்பட்டால், வீடு கூட்டப்படுகின்றது என்றன்றோ பொருள்? ஆகவே சிறுநீரில் தாளைத் தோய்த்துப் பார்த்துவிட்டுக் குருதியே அமிலமாகிவிட்டது என்று கூறுவோர், முயலின் கதையில் பாதியை மட்டுமே படித்தவர் ஆவர்.

இது மனிதரிடத்தும் சோதிக்கப்பட்டது. வட துருவப் பகுதியில் இனுவிட் மக்களோடு இறைச்சியும் மீனும் மட்டுமே உண்டு பல காலம் வாழ்ந்த பயணர் வில்ஹியால்முர் ஸ்டெஃபான்சன் என்பவரும், அவருடைய தோழர் கார்ஸ்டன் ஆண்டர்சன் என்பவரும், 1928இல் நியூயார்க் பெல்வியூ மருத்துவமனை மருத்துவர்களின் மேற்பார்வையில் ஓராண்டுக் காலம் இறைச்சியை மட்டுமே உண்ண முன்வந்தனர். பெரும்பாலும் இலேசாகச் சமைத்தே உண்டனர். எலும்பு மச்சையைப் பச்சையாகவும் உண்டனர். 1930இல் முடிவுகள் வெளியாயின. அவர்களுடைய சிறுநீரில் அமிலம் உயர்ந்தது. குருதி தன் எல்லையை விட்டு நீங்கவில்லை. புலால் மறுத்த நமக்கு இவ்வுணவு முறை அருவருப்பாயினும், அம்முடிவை மறைப்பது அறமாகாது.

ஊனுணவால் உடலுக்கு எக்குறையும் இல்லை என்று இதனால் முடித்துவிடவும் கூடாது. சிறுநீரில் அமிலம் மிகும்போது யூரிக் அமிலக் கற்கள் தோன்ற வாய்ப்பு மிகுகின்றது. சிறுநீரகம் நோயுற்றவர்க்கு அமிலத்தை வெளியேற்றும் ஆற்றல் குறைந்துவிடுவதால், அவர்கட்குக் குருதியே உண்மையில் அமிலமாகக்கூடும். அத்தகையோர்க்கு இறைச்சியைக் குறைத்துக் காய்கனிகளைக் கூட்டுவது நன்மை தருவதாக மருத்துவர் கண்டுள்ளனர். ஆயினும் காய்கனியிலுள்ள பொட்டாசியம் அந்நோயாளிக்கே கேடாகவும் கூடுமாதலால், மருத்துவரைக் கேளாமல் எதனையும் செய்யலாகாது. இன்னொன்றும் நம்மவர் அறிதல் வேண்டும். அரிசியும் கோதுமையும் பருப்பும் கூட உடலில் ஓரளவு அமிலத்தையே தருகின்றன. பாலடைக்கட்டியோ மிகுதியாகத் தருகின்றது. காரத்தைத் தருபவை காய், கனி, கீரை ஆகியவையே. சோற்றையும் பருப்பையும் மட்டும் உண்டுவிட்டு நம் உணவு காரமயமானது என்று பெருமை பேசுவதில் பயனில்லை.

நோன்பு நோற்பவர்க்குப் பட்டினி முயலின் செய்தி சிறப்பாக உரியது. உபவாசத்தின் முதல் நாளில், பெர்னார்ட் கண்ட அந்தக் கல்லீரல் கிளைக்கோஜன், ஏறத்தாழ 100 கிராம் அளவுள்ளது, பெரும்பாலும் செலவாகிவிடுகின்றது. பின்னர் உடலின் கொழுப்பு கரைந்து கீட்டோன் என்னும் அமிலப் பொருள்கள் உண்டாகின்றன. இரண்டாம், மூன்றாம் நாளில் சிலருக்கு மூச்சில் ஒருவகை மணம் வீசுவது அதனாலேயே. நலமுள்ள உடல் இதனையும் தாங்கிக்கொள்ளும். இன்சுலின் ஊசி போட்டுக்கொள்ளும் நீரிழிவு நோயாளருக்கோ இதே மாற்றம் கட்டுக்கடங்காமல் போய் உயிருக்கே இடராகலாம். தசலட்சண பருவத்தில் உபவாசம் இருக்க விழையும் அத்தகையோர், முன்னதாகவே தம் மருத்துவரைக் கேட்டு, ஏகாசனம் போன்ற எளிய விரதத்தைக் கொள்ளலாம். ஊசியைத் தாமாக நிறுத்தலாகாது.

நிற்க. பெர்னார்டின் இல்வாழ்வுக்குத் திரும்புவோம். ஆண் மக்கள் குழந்தைப் பருவத்திலேயே இறந்தனர். பெண்மக்கள் இருவர் வளர்ந்தனர். மனைவியாருக்கும் மகளிர்க்கும், தம் இல்லத் தலைவர் நாள்தோறும் நாயையும் முயலையும் அறுத்துவிட்டு வருவது தாங்கொணாத துன்பமாயிற்று. இக்காலத்து வாசகர்க்கு ஒன்று கூற வேண்டும். நோவு அறியாதிருக்கச் செய்யும் ஈதர் 1846இலும், குளோரோஃபார்ம் 1847இலும் மருத்துவத்தில் புகுந்தன. ஆய்வுக்கூட விலங்குகளுக்கு அவை எப்போதும் தரப்படவில்லை. தென் அமெரிக்கப் பழங்குடியினர் அம்பு நுனியில் தடவும் குராரே என்னும் நஞ்சைப் பெர்னார்ட் ஆராய்ந்தார். அது தசையை அசைய விடாமல் கட்டிவிடுகின்றது, உணர்வையோ விட்டுவைக்கின்றது. இதனைத் தெளிவாக நிறுவியவர் அவரே. அந்நஞ்சு ஊட்டப்பட்ட விலங்கு அசையாமலும் கத்தாமலும் கிடந்து, எல்லா நோவையும் உணர்கின்றது என அறிந்தும் ஆய்வுகள் நடந்தன. இதனை எழுதும்போது நம் கை தயங்குகின்றது.

நம் ஆசாரியர்கள் இம்சையைச் சங்கல்பம், ஆரம்பம், உத்தியோகம், விரோதம் என நான்காக வகுத்துள்ளனர். சமையல் முதலிய இல்லறச் செயல்களில் நேர்வது ஆரம்பம். தொழிலில் நேர்வது உத்தியோகம். தற்காப்பில் நேர்வது விரோதம். கொல்லவேண்டும் எனக் கருதியே செய்வது சங்கல்பம். சிராவகர் அறவே விலக்க வேண்டியது அது. பெர்னார்டின் செயல் தொழிலின்பாற்பட்டது, பல்லாயிரம் நோயாளர்க்குப் பயன்பட்டது, ஆதலின் உத்தியோகம் என்று வாதிடுவோர் உளர். நாம் அதற்கு உடன்படவில்லை. ஒரு குறிப்பிட்ட உயிரைத் தேர்ந்து, கட்டி, அதன் நோவை அறிந்தே அறுப்பது சங்கல்பத்தில் சேராது எனில் வேறெது சேரும்? நீரிழிவு நோயாளர் எவரும் அவ்வாய்வுகளால் பயன் பெறவில்லை என்று கூறுவதும் பொய்யாகும். இவ்விரண்டையும் ஒருசேர உள்ளத்தில் வைத்திருப்பது எளிதன்று.

1869ஆம் ஆண்டளவில் கணவனும் மனைவியும் பிரிந்தனர். அவ்வாண்டிலேயே மூன்றாம் நெப்போலியன் அவரைப் பேரவை உறுப்பினராக்கினான். அதற்கு முந்திய ஆண்டில் பிரெஞ்சு இலக்கியக் கழகமும் அவரை ஏற்றிருந்தது. புகழ் நிறைந்த வீட்டில் துணையில்லை. மனைவியாரும் மகளிரும் உயிரறுப்பு ஆய்வுகளுக்கு எதிரான இயக்கத்தில் வெளிப்படையாகவே ஈடுபட்டனர்.

எதிர்ப்பு ஆய்வுக்கூடத்துக்குள்ளிருந்தும் எழுந்தது. பாரிசில் நான்கு திங்கள் பணியாற்றிய ஜார்ஜ் ஹாகன் என்னும் மருத்துவர், தாம் கண்ட கொடுமைகளை 1875இல் இலண்டன் நாளிதழொன்றுக்கு மடலாக எழுதினார். ஆய்வாளரின் பெயரை அவர் கூறவில்லை. அது பெர்னார்டின் கூடமே என்பதைப் பின்னர் யாவரும் அறிந்தனர். அம்மடல் இங்கிலாந்தில் பெருங்கிளர்ச்சியை எழுப்பியது. விலங்காய்வுக்கு உரிமம் வேண்டும் என்னும் சட்டம் 1876இல் அங்கு நிறைவேறியது. நம் நாட்டில் 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டம் இத்தகைய ஆய்வுகளைக் கண்காணிக்கக் குழு அமைக்க வழி செய்துள்ளது. அதற்கு முந்திய ஆண்டில், 1959இல், ரசல், பர்ச் என்னும் ஆங்கில அறிஞர் இருவர், இயன்றவரை விலங்குக்கு மாற்று காணல், எண்ணிக்கையைக் குறைத்தல், நோவைத் தணித்தல் என்னும் மூன்று நெறிகளை வகுத்தனர். உலகெங்கும் ஆய்வாளர் இன்று அவற்றை அளவுகோலாகக் கொண்டுள்ளனர்.

ஆனா கிங்ஸ்ஃபோர்டு என்னும் ஆங்கில மாதரசியையும் இங்குக் குறிப்பிடல் வேண்டும். புலால் மறுத்த இவ்வம்மையார் பாரிசில் மருத்துவம் பயின்று, ஒரு விலங்கையும் அறுக்காமலே 1880இல் பட்டம் பெற்றார். அவருடைய ஆய்வேடே மனிதர்க்கு மரக்கறி உணவின் தகுதி பற்றியது. நாம் போற்றத்தக்க செயல். ஆனால் இவரே, தம் சினத்தின் ஆற்றலைச் செலுத்திப் பெர்னார்டைக் கொன்றுவிட்டதாக நம்பினார் என்பதும் அவர்தம் வரலாற்றில் உள்ளது. உயிர்களின்மீது கொண்ட அருளே ஓர் உயிரின்மீது பகையாகத் திரிந்த இடம் இது. செயலளவில் நிகழும் திரவிய இம்சையோடு, எண்ணத்தளவில் நிகழும் பாவ இம்சையையும் நம் நூல்கள் ஏன் அவ்வளவு கண்டிப்பாகக் கடிகின்றன என்பதற்கு, வகுப்பில் எடுத்துக்காட்டுவதற்கு ஏற்ற நிகழ்ச்சி என்று நமக்குத் தோன்றுகின்றது.

பெர்னார்டின் இறுதிக்குக் காரணம் நெடுநாளைய நோயேயாகும். 1878ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 10ஆம் நாள் தம் 64ஆம் அகவையில் பாரிசில் அவர் உயிர் நீத்தார். பிரெஞ்சு அரசு தன் செலவில் இறுதி மரியாதை செய்தது. அந்நாட்டில் அறிவியலார் ஒருவருக்கு அத்தகைய சிறப்புக் கிடைத்தது அதுவே முதல் முறை. பெர் லாஷேஸ் இடுகாட்டில் அவர் உடல் அடக்கம் செய்யப்பட்டது. உயிரினங்கட்கும் தாவரங்கட்கும் பொதுவான வாழ்வியல் நிகழ்வுகள் பற்றிய அவருடைய சொற்பொழிவுகள் அவ்வாண்டிலேயே நூலாக வெளிவந்தன. இருபத்தொரு அகவையில் பாரிசுக்குக் கொண்டுவந்த அந்தத் துன்பியல் நாடகமும் 1887இல் அச்சேறியது. செயின் ழுலியேனில் அவர் பின்னாளில் வாங்கி வாழ்ந்த இல்லம் அருங்காட்சியகமாக்கப்பட்டது.